ரையோலியில் ஒரு பகல்

குஜராத்தில் வாழும் நம்மவர் துவாரகைக்கும் சோமநாதத்துக்கும் தவறாமல் செல்வர். ரையோலிக்குச் செல்வோர் சிலரே. ஆமதாபாத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பயணம் செய்து பாலாசினோரை அடைந்து, அங்கிருந்து சில கல் தொலைவு சென்றால் அச்சிற்றூர் வந்துவிடும். பாறைகளைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று எண்ணிக்கொண்டேதான், சென்ற குளிர்காலத்தில் நிலவியல் அறிஞரான நண்பர் ஒருவருடன் நானும் குடும்பத்தோடு புறப்பட்டேன்.

அங்கே என் மகள் காலடியில் கிடந்த கல் துண்டு ஒன்றை ஆவலுடன் எடுத்தாள்.

“கிடந்த இடத்திலேயே வைத்துவிடு, அம்மா. இடம் மாறினால் அது வெறுங்கல்” என்றார் நண்பர். அவள் முகம் வாடிவிட்டது. ஒரு கல்லுக்கு இத்தனை கண்டிப்பா என்று எனக்கும் தோன்றிற்று. மர நிழலில் அமர்ந்து அவர் விளக்கலானார்.

1980-களின் தொடக்கத்தில் இவ்வட்டாரத்தை ஆய்ந்த நிலவியலார் டைனோசார்களின் முட்டைகளையும் எலும்புகளையும் கண்டனர். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த சுரேஷ் ஸ்ரீவாஸ்தவா 1982 முதல் 1984 வரை இங்கே எலும்புகளை அகழ்ந்தெடுத்தார். எடுத்ததோடு அமையாமல், எந்த எலும்பு எங்கே கிடந்தது என்பதையும் வரைபடமாகத் தீட்டி வைத்தார். பல விலங்குகளின் எலும்புகள் கலந்திருந்த குவியல் அது. 2001-இல் இந்திய, அமெரிக்க அறிஞர்கள் அவ்வரைபடத்தின் துணையுடன் ஆராய்ந்தபோது, மூளைப்பேழை, முதுகெலும்பு, இடுப்பு, கால், வால் ஆகியவை ஒரே விலங்கினுடையவை எனத் தெளிந்தது. நெற்றியில் கொம்புடைய அந்த ஊனுண்ணிக்கு 2003-இல் ‘ராஜசாரஸ் நர்மதென்சிஸ்’ என்று பெயரிட்டனர். அவ்வரசனுக்கு முடிசூட்டியது ஒரு வரைபடமே எனலாம்.

இன்று அப்பணிக்குக் கணிப்பொறியும் துணை நிற்கிறது. பாறையை நாற்புறமிருந்தும் நூற்றுக்கணக்கில் படம் பிடித்துப் பொருத்தினால், மேடு பள்ளங்களெல்லாம் அளவோடு அமைந்த முப்பரிமாண உருவம் திரையில் எழுகிறது. கடல் கடந்த அறிஞரும் அதனைத் திருப்பித் திருப்பி ஆராயலாம். “ஆயினும், முதலில் வெயிலில் முழந்தாளிட்டு அளந்தாக வேண்டும்” என்று சிரித்தார் நண்பர்.

பின்னர் அவர் குரல் தாழ்ந்தது. நம் அரியலூர்ப் பகுதியிலுள்ள கல்லமேட்டில் கிடைத்த பேரெலும்புகளுக்கு 1987-இல் யாதகிரியும் அய்யாசாமியும் ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயர் சூட்டினர். உலகில் நடந்த மாபெரும் விலங்குகளுள் ஒன்றாக அது இருக்கலாம் என்கின்றனர். முதலில் ஊனுண்ணி என்றவர்களும் உண்டு. தழையுண்ணி என்பதே பின்னர் வலுப்பெற்ற கருத்து. ஐயந்தீர அளந்து பார்க்கலாமெனில் எலும்புகள் இல்லை. அவை உதிர்ந்து போயின. 2022-இல் வெளியிடப்பட்ட பழைய ஒளிப்படங்கள் சிலவும் முன்னர் வரைந்த படங்களுமே இன்று அதற்குச் சான்று.

“எலும்பு உதிரும், குறித்து வைத்தது நிற்கும். எங்கள் தொழில் அவ்வளவுதான்” என்றார்.

2019-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும் அவ்வூரில் உள்ளது. குழந்தைகளுக்கு அது பெருவிருந்து. அதைப் பார்க்க எழுந்தபோது மகளைக் காணாமல் திரும்பினேன். கல்லை எடுத்த பள்ளத்தைத் தேடிக் கண்டு, முன்பிருந்த பக்கமே மேலே இருக்குமாறு அதைப் பொருத்திக்கொண்டிருந்தாள்.