மேலே கம்பி, கீழே தொடர்பு



குருமனையின் முன் நிற்கும் பழைய காரின் கூரையில் புதிதாக ஒரு ஆண்டெனா முளைத்திருப்பதை உங்களில் பலர் கவனித்துவிட்டீர்கள். எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே கேட்கக்கூடிய நாளில் இது எதற்கு என்று சிலர் அன்போடு விசாரித்தீர்கள். ஓய்வுநாள் பாடசாலைச் சிறுவன் ஒருவன், "ஐயா, போலீஸ் வண்டி மாதிரி இருக்கு" என்று மகிழ்ந்துபோனான். எல்லோருக்கும் சேர்த்து இந்த வாரம் பதில் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நம் மாவட்டத்தார் எளிதில் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டியது. மின்சாரம் போயிற்று; அதன் பின்னே கைப்பேசிக் கோபுரங்களும் ஒவ்வொன்றாக மௌனமாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அந்த ரயிலில் நம் சபைத் தாயார் ஒருவரின் மகனும் இருந்தார்.

அந்த அம்மா நனைந்த சேலையோடு குருமனைக்கு வந்தார். செய்தி கேட்க மிஞ்சியிருந்தது காரின் ரேடியோ ஒன்றுதான். அதன் ஆண்டெனாவையோ முந்தின இரவு வேப்பங்கிளை முறித்துப் போட்டிருந்தது. இரைச்சலுக்கு நடுவே யாரோ பேசுவது கேட்டது. என்ன பேசுகிறார் என்பது பிடிபடவில்லை. "ரயிலப் பத்தி ஏதும் சொல்லுதாங்களா ஐயா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். குரல் வந்துகொண்டிருந்தது, எங்களுக்குத்தான் அது எட்டவில்லை. தேவனுடைய கிருபையால் மகன் பத்திரமாக வீடு சேர்ந்தார். ஆனாலும் அன்று அந்தத் தாயார் காத்திருந்த நேரம் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. தண்ணீர் வடிந்து, வீடுகள் ஓரளவு நிமிர்ந்தபின், காருக்கு நல்லதொரு ஆண்டெனா பொருத்துவதென்று தீர்மானித்தேன்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் வந்தார். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகை உண்டு. அதற்குத் துளை போட வேண்டியதில்லை. ஆனால் மத்திய அலை ஒலிபரப்புக்கு அது அவ்வளவாக உதவாது என்று அவர் சொன்னார். பழைய இடத்திலேயே, முன்சக்கரத்துக்கு மேலே வைக்கலாம்; அங்கே என்ஜின் அருகிலிருப்பதால் அதன் இரைச்சலும் சேர்ந்து வரும். கூரையின் நடுப்பகுதியே உத்தமம். என்ஜினுக்குத் தூரம், நாற்புறமும் சமமாகத் தகடு விரிந்திருப்பதால் எத்திசையிலிருந்து அலை வந்தாலும் ஏறத்தாழ ஒரே விதமாகப் பிடிக்கும்.

அவர் கூரையின் உட்துணியை இறக்கி, குறுக்குச் சட்டம் இல்லாத இடமாகத் தடவிப் பார்த்துத் துளையிட்டார். துளையின் விளிம்பு துருப்பிடிக்காதிருக்க பிரைமர் தடவினார். மழைநீர் இறங்காதபடி அடியில் ரப்பர் வாஷர் வைத்தார். கேபிளைக் கண்ணாடியோரத் தூண் வழியாக ரேடியோவரை கொண்டுவந்தார். பிறகு எனக்கு ஒன்றைக் காட்ட விரும்பி, உட்புறத் தகட்டின் பெயிண்டின் மேலேயே நட்டை இறுக்கி, ரேடியோவைப் போட்டார், குரல் கேட்டது. என்ஜினை ஓடவிட்டார். உடனே ஒரு கீச்சொலி எழுந்தது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அது உயர்ந்து, குரலை விழுங்கிவிட்டது.

"ஐயா, கம்பி மேலே நல்லாத்தான் நிக்குது. கீழே எர்த் கிடைக்கல" என்றார்.

நட்டைக் கழற்றினார். உப்புத்தாளை எடுத்து, கூரையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்டைத் தேய்த்து, வெறும் இரும்பு பளிச்சிடும்வரை சுத்தம் செய்தார். பிடிமானத்தின் பற்கள் அந்த இரும்பைக் கவ்வும்படி மறுபடி இறுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவினார். ரேடியோவிலிருந்து கேபிளைக் கழற்றி, அதன் வெளிவலைக்கும் காரின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தார். அரை ஓம்கூட காட்டவில்லை, தொடர்பு உறுதி. மறுபடி என்ஜினை ஓடவிட்டபோது கீச்சொலி பெரும்பாலும் அடங்கியிருந்தது. குரல் தெளிவாகக் கேட்டது.

ரப்பர் டயர்களின் மேல் நிற்கும் காருக்கு எர்த் எப்படிக் கிடைக்கும் என்று கேட்டேன். காரின் இரும்பு உடலே அதற்குப் பூமி என்று விளக்கினார். கம்பி தனியாக எதையும் கேட்பதில்லை. கம்பிக்கும் உடலுக்கும் இடையே எழும் மிகச் சிறிய மின்னழுத்தத்தைத்தான் ரேடியோ கேட்கிறது. கூரைத் தகடு ஆண்டெனாவின் மறுபாதி. அந்தத் தொடர்பு அறுந்தால், கேபிளின் வெளிவலை காவலாக நிற்காமல், காரின் சொந்த இரைச்சலையே உள்ளே கொண்டுவருகிறது.

உயரம் மட்டும் போதும் என்றால் காரில் வானொலியே சாத்தியமில்லை. திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 250 மீட்டர். அதில் கால் பங்கு உயரத்துக்குக் கம்பி வைப்பதானாலும் 60 மீட்டருக்கு மேல் வேண்டும். நம் கம்பியோ ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதல். அவ்வளவு குட்டையான கம்பியை, கீழேயுள்ள தொடர்பே கேட்க வைக்கிறது. 1895-இல் இத்தாலியில் தம் தந்தையின் தோட்டத்தில் சோதனை செய்துகொண்டிருந்த மார்க்கோனி கண்டதும் இதுவே. கருவியின் ஒரு முனையை உயரத்தில் ஏற்றி, மறுமுனையைப் பூமியோடு இணைத்தபோது, அலைகள் முன்பைவிட வெகுதூரம் சென்றன. ஏற்றியதும் இணைத்ததும் சேர்ந்தே பயன் தந்தன.

பிரியமானவர்களே, எரிகோவின் சகேயுவை இங்கே நினைக்கிறேன். லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் அவனை நாம் சிறுவயதுமுதல் அறிவோம். குள்ளனான அவன் இயேசுவைக் காணும்படி காட்டத்தி மரத்தில் ஏறினான். அந்த ஆவலை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. அண்ணாந்து பார்த்துப் பெயர் சொல்லி அழைத்தார். ஆனால் அவர் இட்ட கட்டளை, சீக்கிரமாய் இறங்கி வரும்படி. அவர் தங்க விரும்பியது அவன் வீட்டில். அந்த வீட்டில் ஏழைகளுக்கான பாதிப் பங்கும், அநியாயமாய் வாங்கியவர்களுக்கு நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்தும் கணக்கும் வெளியே வந்தன. மரக்கிளையில் கேட்ட அழைப்பு, அவன் வீட்டையும் பணப்பையையும் அவன் வஞ்சித்த அயலாரையும் தொட்டபோதே அவனுக்குள் நிலைபெற்றது.

நமக்கு உயரங்கள் குறைவில்லை. ஜெபக்கூட்டங்கள், உபவாச நாட்கள், கன்வென்ஷன்கள், எனக்கு வேதசாஸ்திரப் படிப்பும் பிரசங்க பீடமும். இவை யாவும் நல்லவையே, கம்பி வேண்டியதுதான். ஆனால் அண்ணனோடு நான்கு ஆண்டுகளாகப் பேசாதவர் ஆராதனையில் எதைக் கேட்பார்? வேலையாளின் கூலியை நிறுத்தி வைத்திருப்பவருக்கு எந்த வசனம் தெளிவாய் விழும்? தம் கோபமும் தம் கணக்கும் தம் நியாயமும் கீச்சொலியாய் எழும். வாழ்க்கை வேகமெடுக்க எடுக்க அந்த ஒலியும் ஏறும். ஆண்டவர் பேசவில்லையே என்று அவர் முறையிடுவார்.

அந்தத் தம்பி தேய்த்த இடம் உட்புறத்தில் இருந்தது. தெருவில் போகிறவர்களுக்கு அது தெரியாது. வெளிப்பூச்சின் பளபளப்பும் குறையவில்லை. நம்மில் தேய்க்கப்பட வேண்டிய இடமும் பெரும்பாலும் அப்படிப்பட்டதே. எல்லார் முன்னிலையிலும் அறிக்கையிடும் காரியம் அன்று; ஒரு வீட்டு வாசலில் தனியே போய் நின்று, "என்னை மன்னித்துக்கொள்" என்று சொல்லும் காரியம்; ஓசையின்றிக் கடனைத் தீர்க்கும் காரியம். அளவிலும் அது சிறியது, ஒரு ரூபாய் நாணயம் அளவுதான். அங்கே மட்டும் பூச்சு இருக்கக்கூடாது.

வெள்ள நாளில் மாவு அரைக்கும் கடைக்காரர் ஒருவர், தம்மோடு வழக்காடிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டாரைத் தம் மாடியில் ஏற்றிக்கொண்டதை நம் தெருவார் பார்த்தோம். தண்ணீர் வந்து அந்தப் பூச்சைக் கரைத்தது. இன்னொரு வெள்ளம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா?

இந்த வாரம் ஒரு பெயரை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். யாரோடு தொடர்பு விட்டுப்போயிருக்கிறதோ, அந்தப் பெயர். அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வருமுன் அவரிடம் ஒருமுறை போய் வாருங்கள். பின்பு ஆலயத்தில் அமர்ந்து கேளுங்கள்.

ஜெபம்: பேசுகிற தேவனே, உமது சத்தத்தை மூடும் எங்கள் இரைச்சலை அமர்த்தியருளும். நாங்கள் தொட மறுக்கும் இடத்தைக் காட்டி, அங்கே இறங்கிப்போகும் தாழ்மையைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.