வில்லின் உறுப்புகளுக்கும் பெயர் உண்டு

பிள்ளைகளுக்கு வயலின் வாங்கிக் கொடுத்திருக்கும் உம்மா வாப்பாமாருக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணையில் தரம் 7 மாணவி ஒருத்தி இரண்டு கிழமையாகச் சங்கீத வகுப்புப் பக்கம் போகவில்லை. விசாரித்தேன். "புது வயலின் சேர். எவ்வளவு இழுத்தாலும் சத்தம் வருதில்ல. எனக்கு இது சரிவராதாம்" என்றாள். வாப்பா அதை விற்றுவிடும் யோசனையில் இருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தேன். வயலினில் ஒரு குறையும் இல்லை. வில்லின் முடி பளபளவென்று இருந்தது. பக்கத்தில் ரொசின் கட்டி ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தது. அதைத் தடவ வேண்டும் என்று விற்றவர் சொல்லவேயில்லை. கட்டியை இலேசாக உரசி, முடியில் பல தடவை தேய்த்துக் கொடுத்தேன். வயலின் பேசியது. அடுத்த வாரமே பிள்ளை வகுப்புக்குப் போனாள்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். இதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ரொசின் என்பது பைன் மரப் பிசினிலிருந்து எடுப்பது. வெறும் முடி கம்பியில் வழுக்கிப் போகும். ரொசின் பூசிய முடியோ கம்பியைப் பற்றி இழுக்கும், விடும், மறுபடி பற்றும். ஏ கம்பியில் இது ஒரு செக்கனுக்கு 440 தடவை நடக்கிறது. நாம் கேட்கும் நாதம் அதுதான்.

இனி வில்லின் உறுப்புகள். நீளமான தடிக்கு ஸ்டிக் என்று பெயர். கை பிடிக்கும் பக்கத்தில் இருக்கும் கறுப்புக் கட்டை ஃப்ரொக், அதாவது தவளை! பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் மறக்கமாட்டார்கள். மற்ற நுனி டிப். இரண்டுக்கும் நடுவே 150க்குக் குறையாத குதிரைவால் முடிகள். அடியில் ஒரு ஸ்க்ரூ. அதைத் திருகினால் தவளை பின்னால் நகர்ந்து முடி இறுகும்.

தடி முடியை நோக்கி உள்ளே வளைந்திருப்பதைக் கவனியுங்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸைச் சேர்ந்த பிரான்சுவா தூர்த் செம்மைப்படுத்திய அமைப்பு இது. வில்லின் துள்ளல் அந்த வளைவில்தான் இருக்கிறது. வாசித்து முடித்ததும் ஸ்க்ரூவைத் தளர்த்தச் சொல்லுங்கள். இறுக்கியபடியே நாட்கணக்கில் வைத்தால் வளைவு கெட்டுவிடும். இறுக்கும்போதும் தடிக்கும் முடிக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையும் இடைவெளி போதும். முடியை விரலால் தொட வேண்டாம். கை எண்ணெய் பட்ட இடத்தில் ரொசின் ஒட்டாது.

பெயர்களை எதற்குப் பாடமாக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். பெயர் தெரிந்த பிள்ளை, "சேர், ஸ்க்ரூ இறுகுதில்ல" என்று வந்து சொல்லும். தெரியாத பிள்ளை, "எனக்கு வராது" என்று ஒதுங்கிப் போகும். வில்லில் இருக்கும் குறையைப் பிள்ளையின் தலையில் கட்டிவிடாதீர்கள். இன்றைக்கு அந்தப் பெட்டியைத் திறந்து ரொசின் கட்டியை ஒருமுறை பாருங்கள்.