படத்தின் கீழே சில வரிகள்

முன்பெல்லாம் புகழ்பெற்ற ஓவியம் ஒன்றைக் காண விரும்பும் மாணவர், நூலகத்தில் கலை நூல்களைப் புரட்டுவார். மூல ஓவியத்தைப் பார்க்க வேண்டுமானால், அது இருக்கும் நாட்டுக்கே செல்ல வேண்டும். இன்று நிலைமை மாறிவிட்டது. ஓவியர் ரெம்பிராண்ட் 1642இல் வரைந்து முடித்த ‘இரவுக் காவல்’, நெதர்லாந்தின் ரைக்ஸ் அரும்பொருளகத்தில் உள்ளது. அந்த அரும்பொருளகம் 2022இல் அவ்வோவியத்தை 717 பில்லியன் படப்புள்ளிகள் கொண்ட படமாக இணையத்தில் வெளியிட்டது. திரையில் அதைப் பெரிதாக்கினால், வண்ணப்பூச்சில் விழுந்துள்ள மெல்லிய வெடிப்புகள்கூடத் தெரியும். நேரில் சென்று சற்றுத் தள்ளி நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு எட்டாத நுணுக்கம் அது.

இப்படிப் படங்கள் எளிதில் கிடைப்பது நன்மையே. ஆனால், ஒரு படம் பலர் கைமாறி வரும்போது, அதன் கீழே இருந்த சில வரிகள் உதிர்ந்துவிடுகின்றன. படைத்தவர் பெயர், ஆண்டு, பயன்படுத்திய பொருள், அளவு, படைப்பு இப்போது இருக்கும் இடம் ஆகியவையே அவ்வரிகள். படம் மட்டும் மிஞ்சுகிறது. அதன் கதை தொலைந்துவிடுகிறது.

சிங்கப்பூர் ஓவியர் சுவா மியா டீ வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. வட்ட மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் பாடம் நடத்துகிறார். பெயரும் ஆண்டும் இல்லாமல் பார்த்தால், அது ஏதோ ஒரு வகுப்பறைக் காட்சி. ‘1959’ என்ற எண்ணைச் சேர்த்துப் பார்த்தால் காட்சியே மாறிவிடுகிறது. சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு அது. வெவ்வேறு இனத்தவர் ஒன்றாக அமர்ந்து மலாய் மொழி கற்கிறார்கள். பெயர் என்ன, எங்கே வசிக்கிறீர்கள் என்னும் பொருளில் கரும்பலகையில் இரண்டு எளிய கேள்விகள் எழுதப்பட்டுள்ளன. தொடக்கநிலை மொழிப்பாடத்தின் கேள்விகளே அவை. ஆனால், புதிதாக உருவாகிவந்த ஒரு சமுதாயம் தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்விகளாகவும் அவை ஒலிக்கின்றன.

அளவும் இப்படிப்பட்ட ஒரு தகவல்தான். ‘தேசிய மொழி வகுப்பு’ ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலம் கொண்டது. ‘இரவுக் காவல்’ ஏறத்தாழ நான்கரை மீட்டர் அகலம் கொண்டது. கைத்தொலைபேசியிலோ இரண்டும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகின்றன.

இன்றைய கலைக்கு இவ்வரிகள் இன்னும் இன்றியமையாதவை. கலைஞர் அமாண்டா ஹெங் 1999இல் ‘நடப்போம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நிகழ்த்துகலைப் படைப்பைத் தொடங்கினார். அதில் பங்கேற்றவர்கள் குதிகால் உயர்ந்த காலணியை வாயில் கவ்வியவாறு, கைக்கண்ணாடியில் வழிபார்த்துப் பின்னோக்கி நடந்தார்கள். விளக்கம் இல்லாத ஒரு புகைப்படமாக மட்டும் அது வந்து சேர்ந்தால், பார்ப்பவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். 1997இல் தொடங்கிய ஆசிய நிதி நெருக்கடியில் பெண்கள் வேலை இழந்ததையும், வேலையைத் தக்கவைத்துக்கொள்ளத் தோற்றத்தை அழகுபடுத்த முனைந்ததையும் எண்ணி உருவான படைப்பு அது என்று தெரிந்தால், அந்தச் சிரிப்பு அடங்கிவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் மறைந்துவிடும் இத்தகைய கலைக்குப் படங்களும் குறிப்புகளுமே எஞ்சும் சான்றுகள்.

அப்படியானால் எங்கே தேடுவது? படைப்பை வைத்திருக்கும் அமைப்பின் இணையத்தளமே முதல் வாசல். சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடமும் சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகமும் தங்கள் சேகரிப்புகளையும் கண்காட்சிச் செய்திகளையும் வெளியிடுகின்றன. தேசிய மரபுடைமைக் கழகத்தின் ‘ரூட்ஸ்’ தளத்தில் பல அரும்பொருளகங்களின் பொருள்களை ஒரே இடத்தில் தேடலாம். கலைச் செய்தியைப் படிக்கும்போது, அதைச் சொல்பவர் யார் என்றும் பார்க்க வேண்டும். ஓவியத்தை விற்பவர் அதைப் புகழ்வதும், விற்பனையில் பங்கில்லாத விமர்சகர் அதைப் புகழ்வதும் ஒன்றல்ல. கலைஞரே தம் படைப்பைப் பற்றிப் பேசியிருந்தால், அதையும் தேடிப் படிப்பது நல்லது.

கிடைத்த படத்தைப் பயன்படுத்துவதிலும் பொறுப்பு உண்டு. நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அரும்பொருளகம், காப்புரிமைக் காலம் முடிந்த படைப்புகளின் படங்களை எவரும் தடையின்றிப் பயன்படுத்த 2017இல் வழிவிட்டது. வாழும் கலைஞர்களின் படைப்புகளுக்கு அந்தச் சலுகை தானாகப் பொருந்தாது. சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், தம் படைப்பு பொதுவில் பயன்படுத்தப்படும்போது தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்னும் உரிமையைப் படைப்பாளருக்கு அளிக்கிறது. பள்ளி ஒப்படைப்பில் ஒரு படத்தின் கீழே ஓவியரின் பெயரை எழுதும் மாணவர், மதிப்பெண்ணுக்காக மட்டும் அதைச் செய்வதில்லை. ஒருவரின் உழைப்பை உரியவரிடம் சேர்க்கிறார்.

அந்த வரிகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. படைப்பு எங்கே இருக்கிறது என்பதை அவை சொல்கின்றன. ‘தேசிய மொழி வகுப்பு’ தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. கூடத்தின் பொதுக் காட்சிகளைச் சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்டணமின்றிக் காணலாம். திரையில் தொடங்கும் தேடல், ஒருநாள் அந்தக் கூடத்தின் வாசலுக்கும் மாணவரை அழைத்துச் செல்லக்கூடும்.