குளிர்நீரை அடைத்துப் பார்

லண்டன் முதியோர் இல்லம் ஒன்றின் குளியலறை. தொட்டியின் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றிவிட்டு, தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார் பிளம்பர். யாழ்ப்பாணத்துக்காரர். "கிட்ட வந்து பாருங்கோ. அந்தப் பைப்பை மட்டும் தொடாதேங்கோ, சுடும்."

சுடத்தான் வேண்டும். மாடிக்கு மாடி ஓடும் இந்தச் சுடுநீரை 60 டிகிரி செல்சியஸில் சேமிக்கிறார்கள். 20 முதல் 45 வரையான சூட்டில் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும்; 60-இல் தாக்குப்பிடிக்காது. ஆனால் அதே தண்ணீர் சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும். தோல் மெலிந்து, சட்டென்று காலை இழுத்துக்கொள்ள முடியாதவர்கள் குளிக்கும் தொட்டியில் 44-ஐத் தாண்டக் கூடாது. அதற்காகத்தான் குழாயை ஒட்டி இந்தக் கலவை வால்வு. தள்ளி வைத்தால், கலந்த வெதுவெதுப்பு நீர் நிற்கும் குழாய் நீண்டு, கிருமிக்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும்.

சுடுநீர், குளிர்நீர் இரண்டு வழிகளையும் அடைத்து, மூடியைத் திருகி, கார்ட்ரிட்ஜை உருவினார். நடுவே சிறிய உலோகக் குப்பி, அதற்குள் மெழுகு. சூடேறினால் மெழுகு விரிந்து தண்டைத் தள்ளும், சுடுநீர் வழி குறுகும். சூடு தணிந்தால் ஸ்பிரிங் திருப்பித் தள்ளும். மின்சாரமில்லை, சென்சாரில்லை. இவ்வளவு எளிய பொருளை நம்பியா இத்தனை பேர் குளிக்கிறார்கள் என்று தோன்றியது.

தண்டில் வெள்ளையாக உப்பு ஏறியிருந்தது. சுண்ணாம்புப் பாறையில் ஊறிவரும் லண்டன் தண்ணீருக்கு அது வழக்கம். அதைச் சுரண்டவில்லை, கீறல் விழுந்தால் கசியும். வால்வு கம்பெனி சொல்லும் திரவத்தில் ஊறவைத்து, மெல்லிய பிரஷால் தேய்த்து அலசினார். வடிகட்டி வலைகளில் துருவும் மணலும். ஓ-ரிங்குகளைப் புதிதாக்கி, சிலிக்கோன் கிரீஸ் பூசினார். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போகுமாம்.

மாட்டித் துடைத்ததோடு கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு என்றார். இவர் தெர்மாமீட்டரைப் பிடித்துச் சூட்டை 43-இல் நிறுத்திவிட்டு, "இனித்தான் சோதனை" என்று குளிர்நீரை மட்டும் அடைத்தார். குளிர்நீர் நின்றால் வால்வு தானாகவே சுடுநீரையும் நிறுத்தியாக வேண்டும். தாரை சுருங்கிச் சொட்டாகி நின்றது. திறந்ததும் மறுபடி 43.

அடுத்த குளியலறை வால்வு பார்வைக்கு இதைவிடச் சுத்தம். குளிர்நீரை அடைத்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தெர்மாமீட்டர் 50-ஐத் தாண்டி ஏறியது. சட்டென்று சுடுநீரையும் மூடினார்.

"மெழுகு செத்துப்போச்சு. இதைக் கழுவிப் பிரயோசனமில்லை, கார்ட்ரிட்ஜை மாத்த வேணும்."

அந்த மாடல் கார்ட்ரிட்ஜ் பையில் இல்லை. பதிவேட்டில் வெப்ப அளவை எழுதி, கதவைப் பூட்டி, தடை அட்டையை மாட்டினார். அன்று மாலை குளிக்க வேண்டியவர்களை வேறு மாடிக்கு அழைத்துப் போகும்படி பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, ஸ்பானரோடு மூன்றாவது குளியலறைக்கு நடந்தார்.