பெயரிழந்த 37 கோப்புகள்

லினக்ஸ் கணிப்பொறி எழ மறுக்கும்போது பெரும்பாலும் ஊமையாக இருப்பதில்லை. எந்தப் படியில் தடுக்கியது என்பதைத் திரையில் எழுதிவிட்டே நிற்கிறது. மின்விசையை அழுத்தியதும் தாய்ப்பலகையிலுள்ள நிலைப்பொருள் விழித்து, வன்வட்டிலிருக்கும் 'கிரப்' என்னும் தொடக்கியை அழைக்கிறது. கிரப், இயங்குதளத்தின் கருவான கெர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல், 'இனிட்ராம்எஃப்எஸ்' என்னும் தற்காலிகச் சிறு கோப்பமைப்பின் துணையோடு உண்மையான வட்டைத் திறக்கிறது. இவ்வளவும் கடந்த பின்னரே நமக்குப் பழகிய முகப்பு வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் ஓய்ந்து ஊரப்பாக்கத்து எங்கள் தெருவுக்கு மின்சாரம் மீண்டபோது, எங்கள் கணிப்பொறி மூன்றாம் படியில் நின்றிருந்தது. கறுப்புத் திரை, சில ஆங்கில வரிகள், அடைப்புக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல், அருகே துடிக்கும் ஒரு கோடு.

நாங்கள் கணவன் மனைவி இருவருமே கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். அந்த வட்டில், மாணவர்கள் மதுராந்தகம், உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் பதிந்து, புயலுக்கு முந்திய வாரம் கொண்டுவந்து சேர்த்த 64 ஒலிப்பதிவுகள் இருந்தன. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. பாடிய பாட்டிமார்களுள் ஒருவர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்.

எங்கள் கணிப்பொறியின் பட்டியல்களெல்லாம் தமிழில்தான். தன்னார்வலர்கள் பலர் ஊதியமின்றி மொழிபெயர்த்த உழைப்பு அது. குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து 2005 முதல் கட்டற்ற மென்பொருளுக்கென நடத்திய தேசிய மையத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. சி-டாக் உருவாக்கி 2007இல் வெளிவந்த 'பாஸ்' லினக்ஸில் தமிழும் உண்டு. ஆனால் விழும் நேரத்தில் இயந்திரம் தமிழை மறந்துவிடுகிறது. கெர்னலின் செய்திகள் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டவை. மொழிபெயர்ப்புக் கோப்புகள் இருப்பதோ இன்னும் திறக்கப்படாத வட்டில். போதாக்குறைக்கு, அந்த வெற்றுத் திரைக்குத் தமிழ் எழுத்தைக் கோத்துக்காட்டும் திறனும் இல்லை. தமிழ் வழியில் படித்துவந்த ஒரு மாணவி இத்திரையைக் கண்டால் கணிப்பொறி கெட்டுவிட்டது என்றுதான் முடிவுகட்டுவாள். அப்படி முடிவுகட்டியவர்களை நாங்கள் அறிவோம்.

பழுதுபார்க்க வந்த இளைஞரும் அதைத்தான் சொன்னார். “சார், ஃபார்மேட் போட்டு விண்டோஸ் ஏத்திடலாம். அரை மணி நேர வேலை.” திரையிலிருந்த வரிகளை அவர் படிக்கவேயில்லை. படித்தால் செய்தி எளியது: கோப்பமைப்பில் எதிர்பாராத முரண் இருக்கிறது, 'எஃப்எஸ்சிகே' என்னும் கருவியைக் கையால் இயக்குக. வழக்கமான மின்தடையென்றால் கோப்பமைப்பு தன் குறிப்பேட்டைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். அது முடியாமற்போனதால்தான் நம்மை அழைக்கிறது.

முன்னாள் மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தோம். “ஐயா, அவசரப்பட்டு எஃப்எஸ்சிகே ஓட்டிடாதீங்க. அது வட்டுல எழுதும். முதல்ல வட்டோட உடம்பு எப்படி இருக்குன்னு பாப்போம்” என்றார். யூஎஸ்பி குச்சியிலிருந்து வேறொரு லினக்ஸை எழுப்பி, 'ஸ்மார்ட்' கணக்கைப் பார்த்தோம். படிக்க இயலாத துண்டுகள் சில காத்திருப்புப் பட்டியலில் இருந்தன. வட்டே நலிந்திருந்தது. நோயாளி உடம்பில் அறுவை செய்வதைவிட நகலெடுத்து நகலைச் செப்பனிடுவதே முறை. 'டிடிரெஸ்க்யூ' என்னும் கருவி, நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டுபிடிக்கும் இடங்களைப் பிறகு திரும்பத் திரும்ப முயல்கிறது. எதுவரை வந்தோம் என்று ஒரு வரைபடமும் வைத்துக்கொள்கிறது. ஓர் இரவும் மறுநாள் நண்பகல் வரையும் ஓடியது. பிறகு புதிய வட்டில் எஃப்எஸ்சிகே. பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டியதும் கணிப்பொறி எழுந்தது. நகலென்பதால் வட்டின் அடையாள எண்ணும் அதுவே. கிரப்பில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஒலிப்பதிவு அடைவில் 27 கோப்புகளே இருந்தன. மற்றவை 'லாஸ்ட்+ஃபவுண்ட்' என்னும் அடைவில், பெயரின்றி, வெறும் எண்களாகக் கிடந்தன. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் கோப்போடு இருப்பதில்லை, அடைவில் இருக்கிறது. அடைவின் ஒரு பகுதி எழுதியிருந்த துண்டு அழிந்ததால் பெயர்கள் போயின, பாட்டுகள் தங்கின. சங்கப் பாடல்களைக் கற்பிக்கும் எங்களுக்கு இது புதிய அனுபவமன்று. குறுந்தொகையில் பெயர் தெரியாத புலவர்களை அவரவர் தொடராலேயே செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் அழைத்த வழக்கம் இருக்கவே இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கேட்டோம். பல பதிவுகளின் தொடக்கத்தில் மாணவர் குரல் ஊரையும் நாளையும் சொல்லியிருந்தது. சொல்லாதவற்றுக்கு நாங்களே பெயரிட்டோம்: 'ஏரிக்கரை நண்டார்', 'வெள்ளிக் கொலுசார்'. மாணவர்கள் வந்து கேட்டுச் சிரித்து, உண்மைப் பெயர்களை மீட்டுத் தந்தார்கள். இறந்துபோன பாட்டியின் ஒப்பாரி 11 நிமிடமும் பழுதின்றி இருந்தது.

ஒரே ஒரு தாலாட்டு மட்டும் நடுவில் அறுந்துவிட்டது. அதைப் பாடிய அம்மையார் நலமாக இருந்தார். பொங்கல் விடுமுறையில் மீண்டும் போய்ப் பதிந்துவந்தோம். இம்முறை அவர் வேறு அடிகளைச் சேர்த்துப் பாடினார். அறுந்த பதிவையும் அழிக்காமல் வைத்திருக்கிறோம்.