சனிக்கிழமைப் பின்னேர வகுப்பு

காங்கேசன்துறை வீதியால் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு 'ஸ்போக்கன் இங்கிலிஷ்' விளம்பரங்கள் கண்ணில் படாமல் இராது. மதிலில் ஒட்டியவை, மின்கம்பத்தில் கட்டியவை, ரியூட்டரி வாசலில் ஆளுயரத்துக்கு நிறுத்தியவை. இப்படி எந்த விளம்பரமும் இல்லாத ஒரு வகுப்பு எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நடக்கிறது. அதற்குக் காசு கிடையாது. போரால் மூடிக்கிடந்த, குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2002-இல் திறந்த கையோடு தொடங்கிய வகுப்பு அது. தொடங்கியவர் அப்போது பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு ஆங்கில இலக்கியம் படிப்பித்துக்கொண்டிருந்தவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். தன் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பமாட்டார். ஊருக்கு அவர் ரீச்சர். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அவரைப் பற்றிக் கதை வந்தால், "பாவம், புண்ணியத்துக்குச் செய்யிறா" என்று ஊரில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. அவர் செய்வது எவ்வளவு நுட்பமான வேலை என்பதைக் கிட்ட இருந்து பார்த்தவர்கள் சிலராவது சொல்லவேண்டும்.

வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கலியாண எழுத்து முடித்துவிட்டு விசாவுக்குக் காத்திருக்கும் பெண்கள். மாப்பிள்ளை லண்டனில் இருப்பார். பிரித்தானியாவில் இருப்பவர் தன் துணையைக் கூப்பிடுவதானால், வருகிறவர் ஏ1 என்ற அடிப்படை மட்டத்தில் ஆங்கிலம் கேட்கவும் பேசவும் தெரிந்திருக்கவேண்டும் என்ற விதி 2010 நவம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனி தன் மொழிக்கு அப்படியொரு விதியை 2007-இலேயே கொண்டுவந்துவிட்டது. பிரித்தானிய விதியை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விதி செல்லும், ஆனால் படிக்கவோ சோதனை எழுதவோ நியாயமான வசதி இல்லாத இடத்து மக்கள்மீது அதை இறுக்கிப் பிடிப்பது குடும்ப வாழ்வுக்கான உரிமையோடு முரண்படலாம் என்று 2015-இல் நீதிபதிகள் சொன்னார்கள். லண்டனில் இருந்த நீதிபதிகளுக்குத் தெரிந்த அந்தச் சிக்கல் எங்கள் ரீச்சருக்கு அதற்கு முன்பே தெரியும். தோட்டத்து வேலையோடு படிப்பை விட்ட பிள்ளை ரியூட்டரிக்குக் கட்டக் காசுக்கு எங்கே போகும்?

இவர்கள் எடுக்கும் சோதனை நீளமானது அல்ல. 16 முதல் 18 நிமிடம்; வாசிப்பும் இல்லை, எழுத்தும் இல்லை. ஆனால் பரீட்சகருக்கு முன்னால் இரண்டு பேரை ஒன்றாக இருத்துவார்கள். பரீட்சகருக்குப் பதில் சொன்னால் மட்டும் போதாது, பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஆளோடும் கதைக்கவேண்டும். அதனால் ரீச்சர் வாங்குகளை எதிரெதிராகத் திருப்பிப் போட்டுவைத்திருக்கிறார். கூட்டாளிகள் ஒன்றாக இருக்க விடமாட்டார். ஒவ்வொரு கிழமையும் சோடி மாறும்.

முதல் பாடம் பெயர். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லவேண்டும். கேட்க இலகுவாக இருக்கும். ஆனால் எங்கள் பெயர்கள் நீளம், முன்னால் அப்பாவின் பெயர் வேறு. ஜீக்கும் ஜேக்கும் நடுவில் ஒருத்தி தடக்குவாள், ஈக்கும் ஐக்கும் நடுவில் இன்னொருத்தி நிற்பாள். நின்றால் திரும்ப முதலிலிருந்து. கொப்பியைப் பார்க்க முடியாது. கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலே இங்கும் வரவேண்டும். "அங்க டொக்டரிட்டப் போனாலும், பாங்குக்குப் போனாலும் முதல் கேட்கிறது இதைத்தான். தன்ர பேரையே சொல்லத் தெரியாமல் என்ர பிள்ளை ஒரு மேசைக்கு முன்னால நிக்கக்கூடாது" என்பார். சோதனைக்கு அப்பால் இருக்கும் வாழ்க்கையை மனதில் வைத்துத்தான் அவர் படிப்பிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது அந்தப் பாடத்தைப் பார்த்த பிறகுதான்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். பெரியவர்கள் ஏதாவது சொன்னால் விளங்காவிட்டாலும் தலையை ஆட்டுவது எங்கள் வளர்ப்பு. திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு, கேட்டால் மொக்கு என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. ரீச்சர் வேண்டுமென்றே யன்னல் பக்கம் திரும்பி நின்று, வாய்க்குள் ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் விரைவாகக் கேட்பார். ஒரு நாள் ஒரு பிள்ளை தலையை ஆட்டி "யெஸ்" என்றாள். "நான் கேட்டது, உமக்கு அஞ்சு ஆம்பிளைப் பிள்ளையளோ எண்டு" என்றார் ரீச்சர். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். பிறகு எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக, தயவுசெய்து திருப்பிச் சொல்லுங்கள், கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பழகினார்கள். குரல் எழும்பும்வரை விடவில்லை. சோதனையிலும் அப்படிக் கேட்கலாம், தவறில்லை. அந்தப் பிள்ளை இப்போது ஈஸ்ட் ஹாமில் இருக்கிறாள். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எவ்வளவு கொடுப்பது என்று நேர்ஸ் சொன்னதைத் தான் இரண்டு தரம் திருப்பிக் கேட்டதாக ரீச்சருக்கு வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள்.

இந்தக் குடாநாட்டில் ஆங்கிலமும் வெளியேற்றமும் எப்போதும் கைகோத்தே போயிருக்கின்றன. வட்டுக்கோட்டையில் 1823-இல் அமெரிக்க மிஷன் செமினரி தொடங்கியது. அதன் பின்னே பள்ளிக்கூடங்கள் பெருகின. அங்கே படித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மலாயாவுக்குக் கிளாக்கராகவும் ஸ்ரேஷன் மாஸ்டராகவும் கப்பலேறினார்கள். அவர்கள் ஆண்கள், ஆண்டுக்கணக்காக வகுப்பில் ஆங்கிலம் படித்துவிட்டுப் போனவர்கள். கூடப் போன மனைவிமாரிடம் யாரும் ஏ, பீ, சீ கேட்கவில்லை. இன்றைக்கு மனைவி விமானம் ஏறும் முன்பே சோதனையில் நிற்கிறாள். காலம் எங்கே வந்து நிற்கிறது, பாருங்கள்.

ரீச்சர் உடுவில் மகளிர் கல்லூரியில் படித்தவர். 1824-இல் தொடங்கிய அந்தப் பள்ளியில் எலைசா அக்னியூவின் பெயரைக் கேட்காமல் யாரும் படித்து முடிக்கமுடியாது. 1807-இல் நியூயோர்க்கில் பிறந்தவர், 1840-இல் இங்கே வந்து 1879 வரை உடுவில் பள்ளியை நடத்தினார். ஒருமுறையேனும் ஊர் திரும்பாமல் 1883-இல் மானிப்பாயில் கண்ணை மூடினார். மதம் மாற்றுவதுதான் மிஷனின் நோக்கம், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகள் அவர் கையால் படித்தார்கள் என்பதும், ஆயிரம் மகள்மாரின் தாய் என்று அவரைச் சொன்னார்கள் என்பதும் உண்மை. அவர் ஒரு விதத்தில் கொடுத்துவைத்தவர். படித்த பிள்ளைகள் பக்கத்து ஊர்களில் வாழ்க்கைப்பட்டு, தங்கள் மகள்மாரையும் அவரிடமே அனுப்பினார்கள். எங்கள் ரீச்சரிடம் படிப்பவர்கள் நாலு வசனம் சரளமாக வந்தவுடன் போய்விடுகிறார்கள். போகவேண்டும் என்பதற்காகத்தானே வருகிறார்கள். அடுத்த சனி புது ஆள், திரும்பவும் பெயர், திரும்பவும் ஜீயும் ஜேயும். ஷேக்ஸ்பியரை ரசித்து ரசித்துப் படிப்பித்த ஒருவர் இருபது வருடங்களுக்கு மேலாக முதலாம் பாடத்திலேயே நிற்கிறார். அவரிடம் நான் வியப்பது அந்தப் பொறுமையைத்தான். முதல் ஆளுக்குக் காட்டிய அதே ஆவலோடு இன்றைக்கு வந்த ஆளின் பெயரையும் கேட்கிறாரே, அது எனக்கு வராது.

2006-இல் ஏ9 பாதை திரும்ப மூடியபோதும் வகுப்பு நிற்கவில்லை. ஊரடங்குக்கு முன் வீடு சேரவேண்டும் என்பதால் நேரத்தை மத்தியானத்துக்கு மாற்றி, தன் வீட்டு விறாந்தையில் வைத்துக்கொண்டார். கப்பலுக்கும் விமானத்துக்கும் பதிந்துவிட்டுக் காத்திருந்தவர்கள் அங்கே படித்தார்கள்.

இந்த வருடம் வாசிகசாலை ஆண்டுவிழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தவேண்டும் என்று நிர்வாகத்தில் பேச்சு வந்தது. போர்த்தட்டும், நானும் போய்க் கைதட்டுவேன். ஆனால் ரீச்சர் கேட்டது வேறு. முழங்கால் நோ கூடிவிட்டது, நெடுநேரம் நிற்க ஏலாது; எழுத்தே தெரியாமல் வருகிறவர்களை யாராவது தனியாக எடுத்தால் காணும் என்றார். மேடைப் பேச்சைவிட அது அவருக்கு உதவும் என்று நான் நினைக்கிறேன். இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள்: ஒருத்தி வங்கியில் வேலை செய்பவள், மற்றவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். வருகிற மாதத்திலிருந்து எழுத்துப் பழகுகிறவர்களுக்கு ஞாயிறு காலையில் வகுப்பு. அவர்கள் இருவருக்கும் எப்படிப் படிப்பிப்பது என்று ரீச்சர் இப்போது புதன்கிழமைகளில் பாடம் எடுக்கிறார்.