பாகும் பதமும்

'பதம்' என்னும் சொல்லை வகுப்பறையில் நாம் எத்தனையோ முறை விளக்கியிருக்கின்றோம். சொல் என்பது அதன் ஒரு பொருள். உணவு வெந்து நிற்கும் பக்குவம் என்பது மற்றொரு பொருள். பதவுரை, பதப்பிரிப்பு, பதச்சோறு என்று கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றிற்கும் எடுத்துக்காட்டுத் தந்து, மணி அடித்ததும் கையில் ஒட்டிய சுண்ணத்தூளைத் தட்டிவிட்டு வெளியேறுவது எம் வழக்கம். அச்சொல்லின் இரண்டாம் பொருளை நாம் உண்மையில் அறிந்திருக்கவில்லை என்பது, சென்ற ஆண்டு ஓர் இரவில் எம் இல்லத்துச் சமையலறையில் புலனாயிற்று. கற்பித்தவர் இருவர். ஒருவர், கல்லூரிக்குச் செல்லவிருந்த எம் மகள். மற்றவர், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு வந்த எம் உம்மா.

மகளுக்கு வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர், "எல்லாரும் முறுக்கும் அதிரசமுந்தான் கொண்டு வருவாங்க வாப்பா. நான் பருப்புப் போட்டுச் சாக்லேட் ஃபட்ஜ் செஞ்சு கொண்டு போறேன்" என்றாள். பாலையும் சீனியையும் சாக்லேட்டையும் பாகாகக் காய்ச்சி, ஆறவிட்டுக் கடைந்து, பருப்புக் கலந்து துண்டு போடும் மேனாட்டு இனிப்பு அது. நம்மூர்ப் பால்கோவாவுக்கும் பர்பிக்கும் தூரத்து உறவு எனலாம்.

எதனையும் அதன் வரலாற்றிலிருந்து தொடங்குவது எம்மைப் போன்ற ஆசிரியர்களின் நோய். எனவே அதனை ஆராய்ந்தோம். வியப்பு யாதெனில், இவ்வினிப்பின் புகழ் பிறந்த இடமும் ஒரு கல்லூரி விடுதியே. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பொகீப்சி நகரில் 1861ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது வாசர் மகளிர் கல்லூரி. அங்குப் பயின்ற எமிலின் ஹார்ட்ரிட்ஜ் என்பார் பின்னாளில் எழுதிய கடிதம் ஒன்று இதன் கதையைக் கூறுகின்றது. தோழி ஒருத்தியின் உறவினர் பால்டிமோர் நகரில் இதனைச் செய்ய, 1886இல் அங்கு இராத்தல் 40 சென்ட் விலைக்கு விற்றதாம். அதன் செய்முறையைப் பெற்ற ஹார்ட்ரிட்ஜ், 1888இல் தம் கல்லூரி விழா ஏலத்திற்காக 30 இராத்தல் செய்தளித்தாராம். பின்னர் ஸ்மித், வெல்லெஸ்லி ஆகிய மகளிர் கல்லூரிகளும் தத்தமக்கென ஒரு செய்முறை வகுத்துக்கொண்டன. மாணவியர் கைமாற்றிக் கைமாற்றி வளர்த்த இனிப்பு இது.

சொல்லாராய்ச்சியும் எம்மை விடவில்லை. வடமொழிச் சர்க்கரா அரபியில் 'சுக்கர்' ஆகி, ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று ஆங்கிலத்தில் 'சுகர்' ஆயிற்று. நம் கற்கண்டில் உள்ள 'கண்டு'க்கும் ஆங்கிலக் 'கேண்டி'க்கும் மூலம் ஒன்றே. இடையில் பாரசீகமும் அரபியும் தோள் கொடுத்தன. ஆனால் 'ஃபட்ஜ்' என்னும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் வினைப்பொருள் ஒன்றுண்டு: உண்மையை நேர்படச் சொல்லாது பூசி மெழுகுதல். அப்பொருளை அன்று சிரித்துக்கொண்டே மகளுக்கு விளக்கினோம். அது எம்மையே சுட்டும் என்று அப்போது எண்ணவில்லை.

செய்முறைகள் பலவற்றுள் எதைக் கொள்வது என்ற வினா எழுந்தது. 'மார்ஷ்மெல்லோ' என்னும் மென்பஞ்சு மிட்டாயைச் சேர்த்து எளிதில் இறுகச் செய்யும் முறைகள் உள. அம்மிட்டாயில் பெரும்பாலும் ஜெலட்டின் கலந்திருக்கும். அது விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுவது. எவ்விலங்கு என்று அறியாமல் நம் இல்லங்களில் அதனை ஏற்பதற்கில்லை. ஆகவே வாசர் கல்லூரியின் பழைய முறையே போதும் என்று முடிவாயிற்று. சீனி இரண்டு கோப்பை, பாலேடு ஒரு கோப்பை, இனிப்புச் சேராத சாக்லேட் இரண்டு அவுன்சு, வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி; இவ்வளவே. அத்தகைய சாக்லேட் எம்மூர்க் கடைகளில் கிட்டவில்லை. அதற்கு ஈடாக ஆறு மேசைக்கரண்டிக் கொக்கோப் பொடியும், மேலும் இரண்டு கரண்டி வெண்ணெயும் கொண்டோம். கொக்கோ நமக்கு அயலானதும் அன்று. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக அது வளர்கின்றது. அக்ரூட்டும் முந்திரியுமாக ஒரு கோப்பைப் பருப்பை வறுத்து நொறுக்கி வைத்தோம்.

முதல் முயற்சியில் நாமே கரண்டி பிடித்தோம். பாகு கொதித்தது, இறக்கினோம், சூட்டோடு சூடாகக் கிளறினோம். ஆறியபின் வாயிலிட்டால் ஆற்று மணலை மென்றதுபோல் நறநறவென்றது. மகள் காரணத்தைப் படித்துச் சொன்னாள். நன்கு காய்ந்த பாகில், ஆறும்போது தாங்கக்கூடிய அளவினும் மிகுதியான சீனி கரைந்து நிற்கின்றது. சூடாக இருக்கையில் கலக்கினால் சில மணிகளே தோன்றி, அவை பெரியனவாக வளர்ந்துவிடும். அசையாது 43 பாகை செல்சியசு அளவுக்கு ஆறவிட்டு அதன்பின் கடைந்தால், எண்ணிறந்த நுண்மணிகள் ஒருங்கே தோன்றும். நாவுக்கு அவை தனித்தனியே தெரியா. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய ஒரு சீனிமணி உள்ளே விழுந்தாலும் போதும், அதனைச் சுற்றியே பாகு முழுதும் மணலாகிவிடும்.

இரண்டாம் முயற்சியில் அஞ்சி அஞ்சி முன்கூட்டியே இறக்கிவிட்டோம். பாகு 112 முதல் 116 பாகை வரை ஏற வேண்டும் என்கின்றன நூல்கள். அதனை அளக்கும் கருவி எம்மிடம் இல்லை. நீர் வற்றாத பாகு எப்படி இறுகும்? இரவு பத்து மணிக்கும் அது கூழாகவே கிடந்தது. மகளின் கண்கள் கலங்கிவிட்டன. மறுநாள் அவள் ஊருக்குப் புறப்பட வேண்டும்.

இவ்விடத்தில் எம் உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருநாள் வந்தால் எங்கள் தெருவில் வட்டிலப்பத்துக்கும் தம்ரூட்டுக்கும் பதம் கேட்டு எம் வீட்டுக்குத்தான் வருவார்கள். நீண்ட காலச் சர்க்கரை நோய் உம்மாவின் விழித்திரையைத் தாக்கியது. மருத்துவம் செய்தும் பார்வையில் பெரும்பகுதி மீளவில்லை. ஒளியும் நிழலுமே தெரியும். ஐந்தாண்டுகளுக்கு முன் ஒருநாள் அடுப்பருகே நின்றபோது முந்தானையில் தீப்பற்றிற்று. உடனே அணைத்துவிட்டோம், கையில் சிறு காயமே. அன்று நாம் உரத்த குரலில், "இனி நீங்க அடுப்படிப் பக்கமே வரக் கூடாது உம்மா" என்றோம். அவர்கள் ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் முதல் நடைக்கூடத்து நாற்காலியே அவர்களின் இடமாயிற்று.

உறவினர் கேட்டபோதெல்லாம், "உம்மாவுக்கு ஓய்வு வேண்டுமாம், அவர்களே விட்டுவிட்டார்கள்" என்று கூறிவந்தோம். மீலாது விழா மேடைகளில் தாயின் சிறப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர் நாம். அவ்வுரைக்காகப் பொன்னாடையும் பெற்றிருக்கின்றோம். பூசி மெழுகுதல் என்பது வேறென்ன?

அவ்விரவில் மூன்றாம் முறை பாகு அடுப்பேறியது. நாம் கரண்டியோடு விழித்து நின்றோம். நடைக்கூடத்திலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "தம்பி, தண்ணிச் சத்தம் போயிட்டுது. இப்பப் பாகு சத்தம் கேக்குது. தீயைக் குறை."

நாமும் மகளும் ஒருவரையொருவர் நோக்கினோம். செவி சாய்த்தோம். உண்மைதான். நீர் மிகுந்திருந்தபோது சலசலத்துக் கொதித்த ஒலி அடங்கி, கனத்த குமிழிகள் ஒவ்வொன்றாக வெடிக்கும் ஓசை எழுந்திருந்தது. இரு முறையும் எம் காதில் விழுந்தும் நாம் கேளாத ஓசை அது.

மகள் ஓடிச்சென்று, "வாங்க வாப்பும்மா" என்று கையைப் பிடித்தாள். உம்மா எழவில்லை. "உங்க வாப்பா சொல்லட்டும்" என்றார்கள். ஐந்தாண்டுகளாக அவர்கள் மனத்தில் கிடந்தது முழுவதும் அந்த மூன்று சொற்களில் இருந்தது. நாம் சென்று அவர்கள் கையைப் பற்றி, "வாங்க உம்மா, உங்கள விட்டா ஆள் இல்ல" என்றோம். நாற்காலியை அடுப்புக்கு எட்டாத தொலைவில் போட்டு அமர்த்தினோம்.

அதன்பின் சமையலறையின் அதிகாரம் கைமாறிற்று. ஒரு கிண்ணம் குளிர்ந்த நீரைக் கேட்டார்கள். மகள் ஒரு சொட்டுப் பாகை அதில் விட்டாள். உம்மா விரல்களை நீருக்குள் விட்டுத் துழாவி, அச்சொட்டைத் திரட்டிப் பார்த்து, "ஓடுது, இன்னும் ஆகல" என்றார்கள். சற்றுப் பொறுத்து மீண்டும் ஒரு சொட்டு. இம்முறை அது விரலிடையே மெல்லிய உருண்டையாகத் திரண்டு, நீரைவிட்டு எடுத்ததும் தளர்ந்தது. "இறக்கு. யாரும் கரண்டி போடக் கூடாது. கை பொறுக்குற சூடு வரட்டும்" என்றார்கள். நூல்கள் கூறிய 43 பாகைக்கு இதைவிடத் தெளிவான உரையை நாம் கண்டதில்லை.

ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பின்னர் உம்மா பாத்திரத்தின் அடியைத் தொட்டுப் பார்த்து இசைவு தந்தார்கள். நாம் கடைந்தோம். "கரண்டி கனக்குதா?" என்று இடையிடையே கேட்டார்கள். "மினுமினுப்பு இருக்கா?" என்று பேத்தியிடம் கேட்டார்கள். பார்க்கும் கண் மகளுடையது, கடையும் கை எம்முடையது, அறிவு அவர்களுடையது. "மினுமினுப்புப் போயிட்டு வாப்பும்மா" என்று மகள் கூவியதும், "பருப்பைக் கொட்டித் தட்டுல ஊத்து, நிக்காத" என்றார்கள். நொடிகளில் அது இறுகத் தொடங்கிவிட்டது.

துண்டு போட்டதும் நகத்தளவு கிள்ளி உம்மாவின் கையில் தந்தோம். அவர்களின் நோய்க்கு அதுவே மிகுதி. முகர்ந்து, சுவைத்து, "நல்லாத்தான் இருக்கு. ரெண்டு ஏலம் தட்டிப் போட்டிருக்கலாம்" என்றார்கள். மணல் இல்லை, நாவில் வெண்ணெய்போல் கரைந்தது, நடுவே அக்ரூட்டின் மெல்லிய துவர்ப்பு.

மகள் உறங்கச் சென்றபின் உம்மா மெல்லக் கூறினார்கள்: "அஞ்சு வருஷமா இந்தச் சத்தத்தையெல்லாம் அங்க இருந்துதான் கேட்டுட்டு இருக்கேன் தம்பி. தாளிப்பு கருகுறதும் தெரியும், பால் பொங்கப் போறதும் தெரியும். சொன்னா மருமவ மனசு நோவும்னு சொல்லல. நீ பயந்துதான் தடுத்தேன்னு எனக்குத் தெரியும். அதை நீ பயம்னு சொல்லியிருக்கலாம். எனக்கு ஓய்வுன்னு ஊர்ல சொன்னதுதான் வருத்தம்."

எம்மிடம் மறுமொழி இல்லை. தீயிலிருந்து காக்க எண்ணியது குற்றமன்று; இன்றும் உம்மாவைத் தனியே அடுப்பருகே விடுவதற்கில்லை. ஆனால் அடுப்பை விலக்குவதும் ஆளையே விலக்குவதும் ஒன்றல்ல. ஒரு நாற்காலியை எட்டடி தள்ளிப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் செய்தி அது. அதனைக் காண எமக்கு ஐந்தாண்டு ஆயிற்று.

அந்நாற்காலி மீண்டும் நடைக்கூடத்துக்குப் போகவில்லை. சமையலறை வாயிலில்தான் இருக்கின்றது. எம் மனைவி உலை வைத்ததும், "மாமி, பாத்துச் சொல்லுங்க" என்கின்றார். பார்வையற்றவரிடம் பாத்துச் சொல்லுங்க என்பதில் இருவருக்கும் சிரிப்பு. விடுதியில் மகளின் டப்பா ஒரே மாலையில் காலியாயிற்றாம். அறைத்தோழி ஒருத்தி விடுமுறையில் தன் வீட்டில் இதனைச் செய்ய முயன்று, தொலைபேசியைப் பாத்திரத்தின் அருகே பிடித்து, "பாட்டி, சத்தம் சரியா இருக்கா?" என்று கேட்டாள். "இன்னும் ரெண்டு நிமிஷம் போவட்டும் மவளே" என்றார்கள் உம்மா. பொகீப்சியில் தோழியர் கைமாற்றிய இனிப்பு, இங்கும் ஒருத்தியிடமிருந்து மற்றொருத்திக்குச் சென்றுகொண்டிருக்கின்றது.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லங்களிலும் ஒரு நாற்காலி நடைக்கூடத்தில் கிடக்கலாம். அதில் அமர்ந்திருப்பவரிடம், உங்களுக்கு விளங்காத ஒன்றைப் பற்றி இவ்விடுமுறையில் ஒரு கேள்வி கேளுங்கள். எம்மைப்போல் ஐந்தாண்டு காத்திராதீர்கள். வல்ல இறைவன் நம் பெரியோருக்கு நலத்தையும், நமக்கு அவர்கள் குரலைக் கேட்கும் செவியையும் அருள்வானாக.